டின்டாஜலில் ஆர்தர் இருந்தாரா? கதை, வரலாறு, சொந்தம்: ஓர் எளிய அறிமுகம்

பிரிட்டன் தீவின் வரைபடத்தை எடுத்துத் தென்மேற்கு மூலையைப் பாருங்கள். கால் நீட்டிப் படுத்ததுபோல ஒரு நிலம் அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும். அதுதான் கார்ன்வால். அதன் வடகரையில் கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் பெரும் பாறைமேடு டின்டாஜல். கரையோடு அதை ஒட்டவைப்பது குறுகலான ஒரு நிலத்துண்டு மட்டும்தான். மேலே இடிந்த கோட்டைச் சுவர்கள். கீழே, பாறையை ஒரு பக்கம் குடைந்து மறுபக்கம் திறக்கும் நீண்ட குகை. கடல் ஏறும்போது அது நிறைந்துவிடும்.

பிரிட்டனின் பழங்கதைகளில் வரும் புகழ்பெற்ற மன்னர் ஆர்தர். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட இந்த இடத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் மூன்றில் ஒரு பதில் வரும். "ஆர்தர் மன்னர் பிறந்த கோட்டை" என்பார்கள். "அதெல்லாம் கட்டுக்கதை, அங்கே ஒன்றும் கிடையாது" என்பார்கள். "இங்கிலாந்தின் பழம்பெருமை" என்பார்கள். பயணக் கட்டுரைகளிலும் வீடியோக்களிலும் இந்த மூன்றும்தான் மாறி மாறி வருகின்றன. மூன்றுமே தவறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில். அந்த மூன்று தவறுகளையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. ஐரோப்பிய வரலாறு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

ஒரு பழைய வீட்டிலிருந்து தொடங்குவோம்

ஊரில் ஒரு பழைய ஓட்டு வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வீட்டை உங்க கொள்ளுத்தாத்தா ஒரே ராத்திரியில கட்டி முடிச்சார்" என்று பாட்டி சொல்வார். ஒரே இரவில் யாராலும் வீடு கட்ட முடியாது. ஆனால் பாட்டி பொய் சொல்லவில்லை. தன் பாட்டியிடம் கேட்டதைச் சொல்கிறார். இப்படி ஓர் இடத்தோடோ ஆளோடோ ஒட்டிக்கொண்டு, நடந்தது போலவே சொல்லப்பட்டு, வாய்வழியாகவோ ஏட்டின் வழியாகவோ தலைமுறைகளைத் தாண்டி வரும் கதைக்குப் பெயர் மரபுக்கதை.

அதே வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்டினால் பழைய செங்கல் கிடைக்கலாம், உடைந்த சட்டி கிடைக்கலாம், ஆண்டு பொறித்த ஒரு செப்புக்காசு கிடைக்கலாம். அவற்றை வைத்துக்கொண்டு "இங்கே இந்தக் காலத்தில் இப்படி ஆட்கள் இருந்தார்கள்" என்று காரணம் காட்டிச் சொல்வது வரலாறு. ஆதாரம் மாறினால் வரலாறும் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இனி மூன்றாவது ஒன்று. பேரன் ஒருவன் பாட்டி கதையை அப்படியே நம்பி, கொள்ளுத்தாத்தா பெயர் செதுக்கிய கல்லை வாசலில் நடுகிறான். இருநூறு வருஷம் கழித்து ஒருவர் அந்தக் கல்லைத் தோண்டி எடுக்கிறார். அது உண்மையான கல். உண்மையான ஒரு மனிதன் நட்டது. கொள்ளுத்தாத்தா ஒரே இரவில் வீடு கட்டினார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஆனால் அந்தக் குடும்பம் அந்தக் கதையை நம்பியது, அதற்காகக் காசு செலவழித்தது என்பதற்கு அசைக்க முடியாத சாட்சி.

கதையும் நிலத்தில் தடம் விடும். டின்டாஜலைப் புரிந்துகொள்ள இது மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மண்ணுக்கடியில் இருப்பது

முதலில் கதையை ஓரமாக வைத்துவிட்டுத் தோண்டிய குழிகளைப் பார்ப்போம்.

1930-களில் ராலே ராட்ஃபோர்ட் என்ற தொல்லியலாளர் இங்கே அகழாய்வு செய்தார். கோட்டை கட்டப்படுவதற்குப் பல நூற்றாண்டு முந்தைய கட்டடங்களின் அடித்தளங்கள் வெளிவந்தன. அவற்றைப் பார்த்து, இது பழைய கிறிஸ்தவத் துறவிமடம் என்று அவர் முடிவுக்கு வந்தார். ஒரு தலைமுறைக்கும் மேலாக எல்லோரும் அப்படியே நம்பினார்கள்.

1983-இல் மேட்டின் மேல் தீப்பிடித்தது. புல்லும் மேல்மண்ணும் எரிந்துபோன இடங்களில் சுவர்களின் அடிக்கோடுகள் தெரிந்தன. எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கும் மேல். துறவிகள் சிலர் தங்கிய மடத்துக்கு இவ்வளவு கட்டடம் எதற்கு? கருத்து மாறியது. ரோமானியர்கள் பிரிட்டனை விட்டுப் போன பிறகு, 5 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரை, டம்னோனியா என்ற அரசின் ஆட்சியாளர்கள் வந்து தங்கிய இடம் இது என்றே இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்றைய கார்ன்வாலும் அதை அடுத்த டெவனும் சேர்ந்ததுதான் அந்த அரசு.

இதற்கு முக்கியச் சாட்சி பானை ஓடுகள். ஆம்போரா என்பது இரண்டு கைப்பிடி வைத்த பெரிய மண்ஜாடி. மத்தியதரைக் கடல் பக்கத்தில் திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் அதில்தான் கப்பலேறும். டின்டாஜலில் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியின் ஆம்போரா ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலும் வட ஆப்பிரிக்காவிலும் செய்த சிவப்புப் பூச்சுத் தட்டுகளின் துண்டுகள் கிடைத்தன. ஸ்பெயினிலிருந்து வந்த கண்ணாடிக் கோப்பைகளின் சில்லுகளும் கிடைத்தன. அந்தக் காலத்து மத்தியதரைக் கடல் பானைகள் பிரிட்டனில் வேறெங்கும் இந்த அளவுக்குக் கிடைத்ததில்லை. பானையின் வடிவமும் பூச்சும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும் என்பதால், எந்தப் பட்டறை, எந்தக் காலம் என்று நெருங்கிச் சொல்ல முடிகிறது.

ரோமானியர் போனதும் பிரிட்டன் இருளில் மூழ்கிவிட்டது என்று பள்ளிப் புத்தகங்கள் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தன. இந்தப் பாறைமேட்டில் இருந்தவர்களோ கடல் கடந்து வந்த தட்டில் சாப்பிட்டு, கடல் கடந்து வந்த மதுவைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பதிலுக்குக் கப்பல்கள் இங்கிருந்து ஏற்றிப்போனது கார்ன்வாலின் வெள்ளீயமாக இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஆர்தர் என்று ஒருவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இது தன்னளவிலேயே பெரிய செய்தி. எனக்கு டின்டாஜல் மேல் ஆசை வந்ததே இந்த ஓடுகளால்தான்.

ஒரு சாக்கடை மூடியும் ஒரு பெயரும்

ஒரு பொருளை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். 1998 கோடையில் அகழாய்வுக் குழு ஸ்லேட் என்ற கல்லால் ஆன ஒரு பலகையைக் கண்டெடுத்தது. 35 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம். பழைய கட்டடம் ஒன்றில், உடைந்த பிறகு வடிகாலை மூடப் பயன்பட்டிருந்தது. மேலே மெல்லிய கீறல் எழுத்தில் லத்தீன். அதில் ஒரு பெயர், ஆர்டோக்னூ.

"ஆர்தரின் கல் கிடைத்துவிட்டது" என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் ஆர்டோக்னூ வேறு பெயர், ஆர்தர் வேறு பெயர். இரண்டிலும் வரும் 'ஆர்ட்' என்ற முன்பகுதிக்கு அந்தப் பழைய மொழியில் கரடி என்று பொருள் சொல்கிறார்கள். வீரத்தைக் குறித்துப் பெயரில் சேர்ப்பது வழக்கம். முத்துராமனும் முத்துக்குமரனும் ஒரே ஆளா என்ன?

இந்த ஆரவாரத்தில் கல்லின் உண்மையான செய்தி அமுங்கிப்போனது. 6-ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தில் இந்தக் காற்றடிக்கும் பாறைமேல் உட்கார்ந்து ஒருவர் லத்தீன் எழுதியிருக்கிறார். எழுதத் தெரிந்தவரும் வாசிக்கத் தெரிந்தவரும் இங்கே இருந்திருக்கிறார்கள். ஆர்தரைத் தேடிப் போகிறவர்கள் ஆர்டோக்னூவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவருடைய பெயர்தான் கல்லில் இருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: டின்டாஜலில் செல்வாக்கான ஆட்சியாளர்கள் இருந்தார்கள், தூரதேசக் கப்பல்கள் வந்தன, எழுத்து இருந்தது. "அங்கே ஒன்றும் கிடையாது" என்ற இரண்டாவது பதில் இங்கே அடிபட்டுப் போகிறது. ஆனால் அந்த மண்ணில் ஆர்தர் பெயர் எங்கும் கிடைக்கவில்லை.

அப்படியானால் ஆர்தர் எப்படி வந்து சேர்ந்தார்?

ஆர்தர் வாழ்ந்ததாகச் சொல்லப்படுவது கிட்டத்தட்ட கி.பி. 500. அந்தக் காலத்துக்கு அருகே இருந்து எழுதிய கில்டாஸ் என்ற துறவி, பின்னாளில் ஆர்தர் வென்றதாகச் சொல்லப்பட்ட பேடன் மலைப் போரைப் பற்றிச் சொல்கிறார். ஆர்தர் பெயரைச் சொல்லவில்லை. 9-ஆம் நூற்றாண்டில் வேல்ஸில் தொகுக்கப்பட்ட ஒரு லத்தீன் நூல்தான் ஆர்தர் பன்னிரண்டு போர்களில் வென்றதாகப் பட்டியல் போடுகிறது. அதில் டின்டாஜல் இல்லை.

டின்டாஜலையும் ஆர்தரையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர் மான்மத் ஊர்க்காரரான ஜெஃப்ரி. 1136-ஐ ஒட்டி அவர் லத்தீனில் எழுதிய பிரிட்டன் மன்னர்களின் வரலாற்றில் கதை இப்படிப் போகிறது. ஊதர் என்ற மன்னனுக்குக் கார்ன்வால் கோமகன் கோர்லாய்ஸின் மனைவி இகெர்னா மேல் ஆசை. கோர்லாய்ஸ் அவளை டின்டாஜலில் பூட்டிவைக்கிறான். உள்ளே போக ஒரே குறுகிய வழி, மூன்று வீரர்கள் நின்றால் ஒரு படையையே தடுத்துவிடலாம். மெர்லின் என்ற மந்திரவாதி தன் மந்திரத்தால் ஊதருக்குக் கோர்லாய்ஸின் உருவம் கொடுக்கிறான். காவலர்கள் எஜமான் என்று நம்பிக் கதவைத் திறக்கிறார்கள். அன்று இரவு ஆர்தர் கருவாகிறான்.

ஜெஃப்ரி எழுதியபடி ஆர்தர் டின்டாஜலில் கருவானான், அவ்வளவுதான். பிறந்ததும் வளர்ந்ததும் அரசாண்டதும் அங்கேதான் என்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. குகைக்கு மெர்லின் பெயர் ஒட்டிக்கொண்டதும், அலையில் வந்த குழந்தையை மெர்லின் ஏந்திக்கொண்டார் என்று கவிஞர் டென்னிசன் பாடியதும் 19-ஆம் நூற்றாண்டுச் சங்கதி.

ஜெஃப்ரி ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்? அவர் எழுதும்போது மேட்டின் மேல் கோட்டை கிடையாது. ஐந்நூறு வருஷத்துக்கு முன் கைவிடப்பட்ட மேடு அது. ஆனாலும் "அங்கே அரசர்கள் இருந்தார்கள்" என்ற ஊர் நினைவு மிச்சமிருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள். குறுகிய வழியைப் பற்றி அவர் சொல்வது இடத்தோடு அப்படியே பொருந்துகிறது. ஊரின் பெயரே அதைத்தான் சொல்கிறது: கார்ன்வால் மொழியில் 'தின்' என்றால் கோட்டை, 'தகெல்' என்றால் கழுத்துப்போல் குறுகிய இடம்.

கதைக்காகக் கட்டிய கோட்டை

இனி வாசலில் கல் நட்ட பேரன் வருகிறான். அவன் பெயர் ரிச்சர்ட். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றியின் தம்பி, கார்ன்வாலின் பிரபு. 1233-இல் டின்டாஜலை வாங்கிக் கோட்டை கட்டினார்.

இந்த இடத்தில் கோட்டை கட்டப் படை சார்ந்த காரணம் எதுவும் இல்லை. பெரிய சாலை இல்லை, காக்க வேண்டிய நகரம் இல்லை. ரிச்சர்ட் அங்கே தங்கியதும் குறைவுதான். பின்னே ஏன்? ஜெஃப்ரியின் நூல் அதற்குள் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தது. அதன் 200-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் இன்றும் கிடைக்கின்றன. ஆர்தர் கருவான பாறையில் கோட்டை வைத்திருப்பவர், கார்ன்வாலின் பழைய அரசர்களுக்குத் தாமே வாரிசு என்று காட்டிக்கொள்ளலாம். அதற்காகத்தான் கட்டினார் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். நூறு வருஷம் ஆவதற்குள் பெருங்கூடத்தின் கூரையைப் பிரித்துவிட்டார்கள். கரையோடு இணைத்த நிலக்கழுத்தின் மேற்பகுதியும் மெல்ல அரித்துக் கடலில் விழுந்தது. மிஞ்சியது தாழ்வான குறுகல் துண்டு மட்டும்தான்.

இன்று படம் எடுத்துப் போடுகிறார்களே, அந்த இடிந்த சுவர்கள் ரிச்சர்ட் கட்டியவை. ஆர்தர் காலத்துக்கு ஏழு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியவை. "ஆர்தர் பிறந்த கோட்டை" என்ற முதல் பதில் தவறாவது இங்கேதான். கதை பிறந்தது கோட்டையிலிருந்து அல்ல. கோட்டைதான் கதையிலிருந்து பிறந்தது.

கதை அப்புறமும் வேலை செய்வதை நிறுத்தவில்லை. பக்கத்தில் இருக்கும் கிராமத்தின் பெயர் ட்ரெவெனா. பயணிகள் எல்லோரும் டின்டாஜல் டின்டாஜல் என்றே கேட்டுக்கொண்டு வந்ததில், 1900-ஐ ஒட்டி கிராமத்தின் பெயரே டின்டாஜல் ஆகிவிட்டது. ஒரு ஊர் தன் பெயரைக் கதைக்குக் கொடுத்துவிட்டது.

ஆர்தர் யார் வீட்டுப் பிள்ளை?

மூன்றாவது பதிலுக்கு வருவோம், "இங்கிலாந்தின் பெருமை". இதற்கு 'கெல்டிக்' என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். கெல்டிக் என்பது முதலில் ஒரு மொழிக்குடும்பத்தின் பெயர். ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மேன்க்ஸ் ஒரு கிளை. வெல்ஷ், பிரான்சின் வடமேற்கு மூலையில் பேசும் பிரெட்டன், கார்ன்வாலின் மொழியான கெர்னெவெக் இன்னொரு கிளை. இந்த இரண்டாம் கிளையின் தாய்மொழியைப் பேசியவர்கள்தான் பிரிட்டன் தீவில் முன்பிருந்த பிரிட்டானியர்கள். ஆங்கிலம் அந்தக் குடும்பமே அல்ல. அது ஜெர்மானியக் குடும்பம். கடல் கடந்து வந்த ஆங்கிலோ சாக்சன்கள் கொண்டுவந்தது.

பழைய கதைகளில் ஆர்தர் யாரோடு போர் செய்கிறார்? அந்தச் சாக்சன்களோடு. அதாவது ஆங்கிலேயர்களின் முன்னோர்களோடு. அவர் பிரிட்டானியர் பக்கத்து வீரர். வெல்ஷ்காரர்களும் கார்ன்வால்காரர்களும் பிரெட்டன்களும் தங்கள் ஆள் என்று சொல்லிக்கொண்டவர். அவர் எப்படி இங்கிலாந்தின் மன்னர் ஆனார்?

1113-இல் நடந்த ஒன்றைக் கேளுங்கள். பிரான்சில் லான் என்ற ஊரின் தேவாலயம் எரிந்துபோக, அதன் குருமார்கள் புனிதப் பொருள்களைத் தூக்கிக்கொண்டு நன்கொடைக்காகப் பிரிட்டனுக்கு வந்தார்கள். கார்ன்வாலில் பாட்மின் என்ற ஊரில், கை சூம்பிப்போன ஒருவர் குணமாகும் என்ற நம்பிக்கையில் அவர்களிடம் வந்தார். பேச்சுவாக்கில், ஆர்தர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்றார். குருமார்களின் ஆள் ஒருவர் அதை மறுத்துப் பேச, அடிதடியே மூண்டுவிட்டது. ஊர்க்காரர்கள் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். இது ஜெஃப்ரி எழுதுவதற்கு இருபது வருஷத்துக்கும் முன்னால். டின்டாஜலிலிருந்து பாட்மின் 22 கிலோமீட்டர் தூரம்தான். ஆர்தர் கதையை ஜெஃப்ரி சும்மா ஜோடித்தார் என்று சொல்வோர் இந்தச் சம்பவத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். கார்ன்வாலின் சாதாரண சனங்களுக்கு ஆர்தர் அடித்துக்கொள்ளும் அளவுக்குச் சொந்தமானவராக இருந்தார்.

ஆர்தர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை ஆங்கில அரசர்களுக்கு இடைஞ்சல். 1184-இல் எரிந்துபோன கிளாஸ்டன்பரி மடத்தில் 1191-இல் "ஆர்தரின் கல்லறை" கிடைத்ததாக அறிவித்தார்கள். 1278-இல் மன்னர் முதலாம் எட்வர்ட் அங்கே போய் எலும்புகளை எடுத்துப் பார்த்து மறுபடி அடக்கம் செய்யவைத்தார். அவர் வேல்ஸோடு போர் நடத்தி ஓய்ந்திருந்த நேரம் அது. உங்கள் ஆர்தர் செத்துப்போனார், எலும்பு எங்களிடம் இருக்கிறது என்று அதற்குப் பொருள். ஏழாம் ஹென்றி 1486-இல் பிறந்த மூத்த மகனுக்கு ஆர்தர் என்றே பெயர் வைத்தார். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆங்கிலேயரை எதிர்த்த வீரர் ஆங்கில மன்னர் ஆக்கப்பட்டார்.

சுருக்கமாக: ஆர்தர் இருந்தாரா என்பது ஒரு கேள்வி. ஆர்தரைப் பற்றி யார் எப்போது எதற்காகச் சொன்னார்கள் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இரண்டாவதற்கு ஆண்டோடும் பெயரோடும் பதில் இருக்கிறது.

பத்திரம், சாவி, நினைவு

மறுபடி அந்த ஓட்டு வீட்டுக்குப் போவோம். வீடு கைமாறிவிட்டது. பத்திரம் ஒருவர் பெயரில். அவர் வேறொருவரிடம் சாவியைக் கொடுத்து, பராமரித்து டிக்கெட் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த குடும்பம் தெருவில் இருக்கிறது. சட்டப்படி அவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வாசல் பலகையில் தங்கள் குடும்பப் பெயருக்குப் பதில் வேறு பெயர் எழுதியிருந்தால், உள்ளே தங்கள் பாட்டியைப் பற்றித் தப்பாகச் சொன்னால், அவர்களுக்கு நெஞ்சு வலிக்காதா?

அந்த வலிக்கு ஆதாரமாக இருப்பதுதான் பண்பாட்டு உரிமை. நிலத்தை வைத்துக்கொள்ளும் உரிமை அல்ல. அந்த இடத்தைப் பற்றி எந்தக் கதை, எந்த மொழியில், யார் வாயால் சொல்லப்பட வேண்டும் என்பதில் ஒரு சமூகத்துக்கு இருக்கும் உரிமை. இது பத்திரத்தில் எழுதப்படுவதில்லை. அதனாலேயே இவ்வளவு சண்டை.

டின்டாஜலில் பத்திரம் கார்ன்வால் டச்சியிடம். டச்சி என்பது 1337-இல் உருவான நில உடைமை. அதன் வருமானம் பிரிட்டன் அரியணையின் வாரிசுக்குப் போகும், இன்று இளவரசர் வில்லியமுக்கு. சாவி இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் என்ற அமைப்பிடம். நானூறுக்கும் மேற்பட்ட பழைய இடங்களைப் பராமரிக்கும் அமைப்பு அது. நினைவு கார்ன்வால் மக்களிடம்.

இந்த மக்கள் தங்கள் நாட்டைக் கெர்னோ என்கிறார்கள். அவர்கள் மொழி 18-ஆம் நூற்றாண்டின் முடிவில் அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்தது. 1904-இல் ஹென்றி ஜென்னர் பாடநூல் எழுதிய பிறகு மெல்ல உயிர்பெற்றது. 2002-இல் பிரிட்டன் அரசு அதைச் சிறுபான்மை மொழியாக ஏற்றது. 2014 ஏப்ரலில் கார்ன்வால் மக்களையே ஐரோப்பிய உடன்படிக்கையின் கீழ் தேசியச் சிறுபான்மையினராக அங்கீகரித்தது. ஆக, அவர்கள் ஆங்கிலேயர் அல்ல, தனி மக்கள் என்பது இன்று வெறும் உணர்ச்சிப் பேச்சு அல்ல. அரசே ஒத்துக்கொண்ட விஷயம்.

இந்த நிலையில் உங்கள் முன்னோர் ஆண்ட இடத்தின் வாசலில் 'இங்கிலிஷ்' என்று தொடங்கும் பலகை. 1999, 2000 வாக்கில் ஸ்டானரி பாராளுமன்றம் என்ற பெயரில் இயங்கிய கார்ன்வால் குழு ஒன்று டின்டாஜல் உட்பட பல இடங்களில் இந்தப் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. ஸ்டானரி என்பது கார்ன்வால் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு இருந்த பழைய தனிச் சட்ட மன்றம். வழக்கு 2002-இல் ட்ரூரோ நீதிமன்றத்தில் முடிந்தது. மூன்று பேர் பலகைகளைத் திருப்பிக் கொடுத்து, இழப்பீடும் கட்ட ஒப்புக்கொண்டார்கள். பலகையைக் கழற்றியது சட்டப்படி தவறுதான். ஆனால் அந்தக் கோபத்தை வெறும் குறும்பு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. சொந்த வீட்டு வாசலில் வேறு பெயர் தொங்குவதைப் பார்த்தவர்களின் கோபம் அது.

2016: பாறையில் ஒரு முகம்

2015-இல் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அரசிலிருந்து பிரிந்து தொண்டு நிறுவனம் ஆனது. கையில் 8 கோடி பவுண்ட் மானியம் கொடுத்து, சில ஆண்டுகளுக்குள் சொந்தக் காலில் நிற்கச் சொன்னார்கள். பணம் டிக்கெட்டில்தான் வர வேண்டும். ஆளை இழுப்பது ஆர்தரா, ஆர்டோக்னூவா? பதில் தெரிந்ததே. நிறைய பேர் இதைக் கெட்ட எண்ணம் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வருமான ஏற்பாடே கதையின் பக்கம் தள்ளுகிறது.

2016 தொடக்கத்தில், குகைக்குப் பக்கத்துப் பாறையில் தாடி வைத்த மெர்லின் முகம் ஒன்று செதுக்கப்பட்டது. சில மாதம் கழித்து மேட்டின் உச்சியில், கிரீடம் தரித்து வாளூன்றி நிற்கும் எட்டு அடி வெண்கலச் சிலை வந்தது. சிற்பி ரூபின் எய்னன். உடலின் பல இடங்களில் வெற்றிடம் விட்டிருப்பதால் சிலை வழியாகவே கடல் தெரியும்.

கார்ன்வாலின் உள்ளூர் வரலாற்றாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். டிஸ்னி பூங்கா ஆக்குகிறீர்கள், இங்கே உண்மையில் இருந்த அரசர்களையும் வணிகத்தையும் மறைக்கிறீர்கள் என்றார்கள். நிர்வாகத்தின் பதில்: எட்டு நூற்றாண்டுக்கும் மேலாகக் கதையும் இந்த இடத்தின் வரலாற்றில் ஒரு பகுதிதானே?

அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ரிச்சர்டின் கோட்டையே அதற்குச் சாட்சி. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. சிலைக்குக் கார்ன்வால் மொழியில்தான் பெயர் வைத்தார்கள்: 'கல்லோஸ்', வலிமை என்று பொருள். அது ஆர்தர் மட்டும்தான் என்று சொல்லவும் இல்லை. இங்கே ஆண்ட அரசர்களையும் நினைவூட்டட்டும் என்று விட்டார்கள். நாளை வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். பாறையில் வெட்டிய முகம் அப்படி அல்ல. இயற்கைப் பாறையை வெட்டியாகிவிட்டது, இனி அதை ஒட்டவைக்க முடியாது. ரிச்சர்ட் செய்ததும் அதுதானே என்று கேட்கலாம். ரிச்சர்ட் அதைக் காப்பாற்றும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு சாவி வாங்கியவர் அல்ல.

2019 ஆகஸ்டில் திறந்த நடைபாலம் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அரித்து விழுந்த நிலக்கழுத்து இருந்த இடத்திலேயே, கடலுக்கு மேல் 57 மீட்டர் உயரத்தில், இரு கரையிலிருந்தும் இரண்டு கைகள் நீட்டியதுபோல் கட்டியிருக்கிறார்கள். தரையில் பதித்தது பக்கத்து டெலபோல் கல்குவாரியின் ஸ்லேட். நடுவில் இரண்டு பாதியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. 4 சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். நிகழ்காலத்துக்கும் கடந்தகாலத்துக்கும், நடந்ததற்கும் கதைக்கும் இடையே உள்ள கோடு அது என்று வடிவமைத்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அந்தப் பாலத்தின் மீது நடக்கவும் டிக்கெட் வாங்க வேண்டும். கார்ன்வால் ஆர்வலர்களின் குறை அங்கேயும் தீரவில்லை.

எல்லாக் கார்ன்வால்காரரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். கிராமத்தில் கடை வைத்திருப்பவருக்கு ஆர்தர் பெயர்தான் சோறு போடுகிறது. அவருக்கும் அந்த இடத்தில் பங்கு இருக்கிறது.

அப்படியானால் அவர்கள் ஆர்தரை வேண்டாம் என்கிறார்களா?

இந்தக் கேள்வியில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். கார்ன்வால்காரர்கள் கதையை எதிர்க்கிறார்கள், வரலாறு மட்டும் போதும் என்கிறார்கள் என்று செய்திகளைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்பது அது அல்ல.

சஃப் என்று ஒரு பறவை. காக்கை இனம், கறுப்பு உடல், சிவந்த அலகு, சிவந்த கால். ஆர்தர் சாகவில்லை, சஃப் ஆகிப் பறந்துகொண்டிருக்கிறார் என்பது கார்ன்வாலின் பழைய நம்பிக்கை. கார்ன்வாலின் சின்னத்திலும் அது உண்டு. 1973-க்குப் பிறகு அந்தப் பறவை அங்கே இல்லாமல் போனது. 2001-இல் தானாகவே பறந்து வந்தது. அடுத்த ஆண்டு குஞ்சு பொரித்தது. மக்கள் அதைப் பாதுகாப்பு ஆய்வாளரின் கண்ணால் மட்டும் பார்க்கவில்லை.

1928-இல் கார்ன்வால் மொழியையும் பண்பாட்டையும் காக்க கோர்செத் என்ற கவிவாணர் அவை தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் நீல அங்கி அணிந்து வெளியில் வட்டமாகக் கூடுகிறார்கள். ஆர்தரின் வாளைக் குறிக்கும் ஒரு வாளை நடுவில் பிடித்து அதன் மேல் உறுதி எடுக்கிறார்கள். அப்போது எல்லோரும் சேர்ந்து கெர்னெவெக் மொழியில் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. 1113-இல் பாட்மினில் கை சூம்பிய அந்த மனிதர் சொல்லி அடிதடி மூண்டதே, அதே வாசகம்தான்: ஆர்தர் மன்னர் சாகவில்லை.